பங்குனியில் அண்ணாந்து பார்க்க ஒரு பயணம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் காட்டுப்பூக்களும் வழிநெடுகக் கிடைக்கும் தீனியும்

பங்குனி மாதத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பூப்பார்க்க வருகிறவர் புறப்படும் முன்பே கைவிட வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. மலைச்சரிவு முழுவதும் பச்சைப் புல்லும் அதன் நடுவே சிறுசிறு பூக்களுமாக நாள்காட்டிப் படங்களில் காணும் வசந்தம் இங்கே கிடையாது. புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். ஓடைகள் மணல் தெரியக் கிடக்கும். தும்பை, செங்காந்தள் போன்ற செடிகொடிகள் செழித்துப் பூப்பது மழையை ஒட்டித்தான். அவற்றைத் தேடுபவர் ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையே வர வேண்டும். பங்குனியில் இந்த மண்ணில் பூப்பவை மரங்கள். ஆகவே இந்தப் பயணத்தில் குனிந்து தேடுவதில் பயனில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இதற்குக் காரணம் எளிது. இரு மாவட்டத்துக் காடுகளிலும் பெரும்பகுதி இலையுதிர் காடும் முட்புதர்க் காடும் ஆகும். மழை நின்று வெயில் ஏறத் தொடங்கியதும் மரங்கள் நீரைச் சேமிக்க இலையை உதிர்க்கின்றன. இலையில்லாத கிளையில் பூத்தால் தேன்குடிக்கும் பறவைகளின் கண்ணுக்கும் வண்டுகளின் கண்ணுக்கும் பூ தூரத்திலிருந்தே தெரியும். வெயிலில் காய் முற்றி, முதல் மழைக்குள் விதை மண்ணில் விழுந்துவிடும். வெயில் கொளுத்தும் மாதத்தில் காடு சிவப்பும் மஞ்சளுமாக நிற்பது இந்தக் கணக்கினால்தான். நாம் வழியில் தின்னப் போகும் புளியும் மாங்காயும் வேப்பம்பூவும் அதே மரங்களின் அதே மாதத்துக் கொடை என்பதால், பூவையும் தீனியையும் இரு வேறு வேலைகளாகப் பிரிக்காமல் ஒரே பயணமாக அமைத்துக்கொள்ளலாம்.

நாள் குறித்தல்

பழைய பகுப்பின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் இந்தப் பக்கத்து மரங்கள் அந்தப் பகுப்புக்குக் காத்திருப்பதில்லை. முள்ளிலவு தை இறுதியிலேயே தொடங்கிவிடும். புரசு மாசியிலிருந்து பங்குனி வரை நிற்கும். புங்கும் வேம்பும் பங்குனிப் பிற்பகுதியில் சேர்ந்துகொள்ளும். சரக்கொன்றை சித்திரையில்தான் முழு அழகுக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட எந்த நாளும் இடம் கொடுக்காது. எனவே எதை விட்டுக்கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காட்டின் செந்நிறமே வேண்டும் என்பவர் மார்ச் முதல் இரண்டு வாரங்களிலும், வேப்பம்பூவும் புதுப்புளியும் மாங்காயும் சேர்ந்து கிடைக்கும் தீனிக்காலம் வேண்டும் என்பவர் யுகாதியை ஒட்டியும், கொன்றைக்காக வருபவர் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டியும் புறப்படலாம். என் தேர்வு மார்ச் மாதக் கடைசி வாரம். புரசின் கடைசிப் பூக்களும் புங்கின் முதல் பூக்களும் அப்போது ஒருசேரக் கிடைக்கும். முதன்முறை நான் சித்திரை பாதி கடந்தபின் சென்றேன். பூத்த புரசைப் பார்க்க ஆசைப்பட்டுத் தட்டையான பச்சைக் காய்கள் தொங்கும் புரசைத்தான் பார்த்துத் திரும்பினேன்.

வார இறுதியைத் தவிர்ப்பது மிகவும் நல்லது. பெங்களூரு, சேலம் ஆகிய இரு பக்கத்திலிருந்தும் ஒகேனக்கலுக்கு வண்டிகள் குவியும் ஞாயிற்றுக்கிழமையில் மலைப்பாதையில் நிறுத்திப் பூப்பார்க்க இடமும் இராது, அமைதியும் இராது. செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்று நாள் ஒதுக்கினால், தருமபுரியில் தொடங்கி வத்தல்மலை, ஒகேனக்கல், ஓசூர் வழியாகத் தருமபுரிக்கே திரும்பும், 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் இந்தச் சுற்றை அவசரமின்றி முடிக்கலாம்.

பூக்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல்

வண்டியின் வேகத்தில் ஒரு மரத்தை அடையாளம் காண நான்கைந்து நொடிகளே கிடைக்கும். அதனால் முக்கியமான சில மரங்களை வீட்டிலேயே மனத்தில் பதித்துக்கொண்டு வர வேண்டும்.

முதலாவது புரசு. ஊர்ப்பேச்சில் பொரசு, பழைய பெயர்களில் பலாசும் முருக்கும். கோணலான தண்டு, சாம்பல் நிறப் பட்டை, இலையே இல்லாத கிளை, அதன் நுனியில் கொத்துக்கொத்தாகச் செம்மஞ்சள் பூ. ஒரு பூவை அருகில் பார்த்தால் பூவின் அடியில் கறுத்த வெல்வெட்டுத் துணி போன்ற கிண்ணத்திலிருந்து (புல்லிவட்டம்) கிளியின் அலகு வளைந்து வெளிவருவது போலிருக்கும். இந்த மாவட்டத்து விவசாயிகள் பெங்களூரா மாங்காயையும் கிளிமூக்கு என்றுதான் அழைக்கிறார்கள். பூவிலும் காயிலும் ஒரே கிளியைக் கண்ட ஊர் இது. காலை வேளையில் பூத்த புரசில் மைனாக்களும் தேன்சிட்டுகளும் அணில்களும் செய்யும் ஆரவாரம், மரத்தைக் கண் காணும் முன்பே காதுக்கு வந்துவிடும்.

புரசுடன் குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு. முள்ளிலவு மிக உயரமானது. கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் நீண்டிருக்கும். உள்ளங்கை அளவுள்ள தடித்த ஐந்து இதழ்ச் சிவப்புப் பூக்கள் விழும் ஓசைகூடக் கேட்கும். அதன் மொட்டுக் காய்ந்ததுதான் பிரியாணியில் சேரும் மராட்டி மொக்கு என்பது பலருக்குத் தெரியாது. கல்யாண முருங்கை வேலியோரங்களில் நிற்பது; அதன் பூ ஒடுங்கி நீண்டு கருஞ்சிவப்பாக இருக்கும்.

மஞ்சளுக்குக் கோங்கிலவம். பாறை இடுக்குகளில், வேறெதுவும் வளர விரும்பாத இடத்தில், குட்டையாகக் கோணிக்கொண்டு நிற்கும் இந்த மரம் ஆண்டு முழுவதும் எவர் கண்ணிலும் படாது; மாசி, பங்குனியில் மட்டும் வெற்றுக் கிளையின் நுனியில் பளிச்சென்ற பெரிய மஞ்சள் பூக்களை ஏந்தும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உண்மையான பரிசு இதுதான், புரசு அல்ல; புரசு தானே வந்து கண்ணில் விழும், கோங்கைத் தேடித்தான் காண வேண்டும். சாலையோரத்தில் தாழ்வாக மஞ்சள் தெரிந்தால் அது ஆவாரை. அதற்காக வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. அது ஆண்டின் பெரும்பகுதியில் பூத்துக்கொண்டுதான் இருக்கும்.

புங்கம்பூ சிறியது, வெளிறிய ஊதா கலந்த வெண்மை கொண்டது. அதை மரத்தில் பார்ப்பதைவிடத் தரையில் பார்ப்பது அழகு. வெண்மணலில் உதிர்ந்த புங்கம்பூவை நெற்பொரி சிந்திக் கிடப்பதாகச் சங்கப் புலவர் கண்டது எத்தனை சரி என்று மரத்தடியில் நின்றால் தெரியும். உசில் மரத்தின் வெளிர்மஞ்சள் பஞ்சுப் பூக்கள் சித்திரையில் வரும். அதன் இலையைக் காயவைத்து அரைத்த தூள்தான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. வெப்பாலை சிறு வெண்பூ. சரக்கொன்றையை எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் அது கார்காலத்து மலராக வருவதும் இன்று நாம் அதைச் சித்திரையோடு சேர்த்துப் பேசுவதும் தனியே ஆராய வேண்டிய செய்தி.

ஓசூர்ப் பக்கம் வீதிகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் டபேபுயாவும் ஊதா நிற ஜகரண்டாவும் மத்திய, தென்னமெரிக்கப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. சாலையோரம் முழுவதும் பல நிறத்தில் பூத்துக் கிடக்கும் உன்னிச்செடியும் அயல்வரவுதான். காட்டின் அடித்தளத்தை மூடி உள்நாட்டுச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செடி அது. படம் எடுக்கத் தடையில்லை, ஆனால் காட்டுப்பூக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புறப்படும் முன்

ஒகேனக்கலிலிருந்து அஞ்செட்டி செல்லும் பாதையும் அதைச் சுற்றிய மலைகளும் பெரும்பாலும் காப்புக்காடுகளையும் சரணாலயங்களையும் ஒட்டியவை. காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் 2014-இலும், 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. பொதுச்சாலையில் செல்லத் தடையில்லை. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க வனத்துறையின் முன் அனுமதி தேவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அது நிகழ்ந்ததும் இதே மாதத்தில்தான். காய்ந்த புல்லும் சருகும் நிறைந்த இந்நாட்களில் அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். காட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பூவும் கிளையும் பறிப்பது சட்டப்படியும் குற்றம்; உதிர்ந்த பூவே வேண்டிய மட்டும் கிடக்கும்.

எரிபொருளைத் தருமபுரியிலோ பென்னாகரத்திலோ நிரப்பிக்கொண்டால் தேன்கனிக்கோட்டை வரை கவலையில்லை. கைபேசித் தொடர்பு அஞ்செட்டிப் பாதையில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, இருந்தால் ஓர் இருநோக்கி (பைனாகுலர்), தீனி வாங்கத் துணிப்பை, உணவுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா. இவ்வளவு போதும். விலையுயர்ந்த கேமராவைவிட இருநோக்கி பயன்படும், ஏனெனில் நல்ல பூக்கள் பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருக்கும்.

முதல் நாள்: வத்தல்மலை

தருமபுரியைப் பற்றிய எல்லாப் பயணக் குறிப்புகளும் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியில் தொடங்கும். நெல்லி பனிக்காலத்துக் காய். பங்குனியில் தேடினால் பெரும்பாலும் உப்பில் ஊறியதுதான் அகப்படும். ஆகவே நாம் கூழில் தொடங்குவோம். காலை ஆறரை மணிக்கே நகரின் சாலையோரத் தள்ளுவண்டிகளில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் கரைத்து வைத்திருப்பார்கள். மோர் விட்டு, உப்பிட்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் கொடுக்கும் ஒரு சொம்புக் கூழுடன் மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் சேர்த்துக்கொண்டால், பகல் பதினோரு மணி வரை வயிறு குளிர்ந்திருக்கும். மலையேறும் நாளில் எண்ணெய்ப் பலகாரத்தைவிட இது நல்லது. வளைவுகளில் வயிறு புரளாது.

தருமபுரியிலிருந்து வத்தல்மலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடிவாரம் வரை சமவெளி. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்னும் மலைப்பாதை ஒழுங்கைப் பின்பற்றுங்கள்; இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே ஏறினால் கிழக்கு வெயில் சரிவின் மீது விழும். கீழ் வளைவுகளில் புரசு, உசில், வெப்பாலை. பாறை தெரியும் இடங்களில் கோங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே செல்லுங்கள். ஓட்டுநர் பூப்பார்க்க வேண்டுமானால் வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், ஓட்டுகிறவரே பெரும்பாலும் குழுவில் மிகப் பெரிய பூப்பித்தராக இருப்பதுதான்.

மேலே ஏறியதும் காட்சி மாறும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களைச் சுற்றிச் சாமையும் கேழ்வரகும் அறுத்த நிலங்கள், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி, அந்த மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. காப்பிப் பூ காட்டுப்பூ அல்ல; ஆனாலும் அதற்காகத் திட்டத்தை மாற்றலாம் என்பேன். கோடையின் முதல் நல்ல மழை பெய்த எட்டு முதல் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே காலையில் வெண்மையாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் மணம் வீசும். மூன்று நான்கு நாளில் பழுப்பேறி முடிந்துவிடும். எனவே புறப்படும் வாரத்தில் மலையில் எப்போது மழை பெய்தது என்று தருமபுரியில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்டுவிட்டு, அந்தக் கணக்குப்படி முதல் நாளையும் மூன்றாம் நாளையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். தோட்டங்கள் தனியாருடையவை, வரப்பில் நின்று கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்.

மதிய உணவுக்கு மலைமேல் கடைகளை எதிர்பார்க்காமல் இறங்கிவிடுவது நல்லது. மலையில் வாங்க வேண்டியவை சாமை அரிசி, மிளகு, அங்கேயே வறுத்த காப்பித்தூள் கிடைத்தால் அதுவும். சாமையில் வெண்பொங்கலும் தயிர்ச்சோறும் நன்றாக வரும். அரிசிக்கு விடும் அளவு தண்ணீர் விட்டால் குழைந்துவிடும் என்பதால் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தருமபுரி திரும்பியதும் களி. கேழ்வரகுக் களி கிடைக்கும் உணவகங்கள் நகரில் உள்ளன. சூடான உருண்டையின் நடுவில் குழி செய்து, அதில் கீரைக்கடைசலோ கொள்ளுக்கடைசலோ ஊற்றித் தருவார்கள். அசைவம் உண்போருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு அல்லது கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது. விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் வாயில் ஒட்டிக்கொண்டு முதல் கவளத்திலேயே வெறுத்துப்போகும். பழக்கமில்லாதவர் பாதி உருண்டையுடன் நிறுத்திக்கொள்வது நலம். அது வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

மாலையில் தருமபுரிப் பூக்கடைத் தெருவைச் சுற்றிவாருங்கள். குண்டுமல்லியின் வரத்து பங்குனியில் ஏறத் தொடங்கியிருக்கும். முழம் போட்டு வாங்கி அறையில் வைத்தால் அன்றைய தூக்கத்திற்கு அதுவே போதும்.

இரண்டாம் நாள்: பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி

இந்தச் சுற்றின் உயிர் இந்த நாள்தான். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அதில் பென்னாகரத்திற்கு அப்பால் உள்ள கடைசிப் பகுதியே மலையிறக்கம். ஆறு மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்குள் பென்னாகரத்தில் இட்லி உண்டு, எட்டு மணிக்கு இறக்கத்தில் இருப்பது என் வழக்கம்.

பென்னாகரம் வரை சாலையின் இருபுறமும் புளியமரங்கள். மாசி, பங்குனி புளி உலுக்கும் காலம். மரத்தில் ஒருவர் ஏறிக் கிளையைக் குலுக்க, கீழே பெண்கள் கூட்டிக் குவிக்க, வீட்டு வாசல்களில் கட்டையால் தட்டி ஓடு நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு குவியலுக்கு அருகில் வண்டியை நிறுத்தி, வயல்கோடியில் நின்ற புரசை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, புளி தட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “என்ன சாமி, அண்ணாந்து பாத்துக்கினு நிக்கற? புளி வேணுமா?” என்றார். “இல்லீங்க ஆயா, அந்தப் பூவைப் பார்க்கிறேன்” என்றேன். “பொரசம் பூவா? பூவுல என்னா கெடக்குது? அது எலைதான் சாமி சோறு போடும்” என்று சிரித்தார். புரச இலையை ஈர்க்கால் தைத்து உண்கலமாக்கி விற்றுப் பிழைத்த தலைமுறையின் சொல் அது. நான் பூவை விட்டுவிட்டு அவரிடம் இரண்டு கிலோ புளி வாங்கினேன்.

மலையிறக்கத்தில் எங்கும் குரங்குகள் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்லுங்கள், தீனி எதுவும் போடாதீர்கள். பூக்களைப் பொறுத்தவரை இந்த இறக்கத்தில் மேல்பாதியில் ஒரு காடும் கீழ்ப்பாதியில் வேறொரு காடும் இருப்பதைக் கவனிக்கலாம். மேலே இலையுதிர்ந்த சாம்பல் நிறம், அதில் புரசின் நெருப்பு. ஆற்றை நெருங்க நெருங்கப் பச்சை கூடும். ஆற்றங்கரையில் வழவழப்பான வெளிர்பட்டை கொண்ட பெரிய நீர்மருத மரங்களும் புங்கும் நிற்கும். இலுப்பை கண்ணில் பட்டால் அதிகாலையில் அதன் அடியில் உதிர்ந்த சதைப்பற்றுள்ள வெளிர்நிறப் பூவைக் கையிலெடுத்துப் பாருங்கள். இனிப்பு மணம் வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். பாலக்கோட்டில் சர்க்கரை ஆலையே இருக்கும் இந்த மாவட்டத்தில் இலுப்பைக்கு மதிப்புக் குறைந்துபோனதில் வியப்பில்லை.

ஒகேனக்கல் என்பது கன்னடத்தில் புகையும் பாறை என்று பொருள்படும். பங்குனியில் காவிரியில் நீர் குறைந்திருக்கும். அருவியின் முழக்கம் வேண்டுவோர் ஆடியில் வரட்டும். ஆனால் பரிசலுக்கு இதுவே நல்ல காலம்: பாறைச் சுவர்களுக்கு இடையே நீர் அமைதியாகச் செல்லும், பரிசல் இயக்கத் தடை வரும் வாய்ப்பும் குறைவு. உரிய இடத்தில் சீட்டு வாங்கி, பாதுகாப்பு உடை அணிந்துதான் ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு முன் சென்றால் பாறைச் சூடு தாக்காது.

உணவு இங்கே மீன். கடையில் மீனைத் தேர்ந்தெடுத்து எடை போட்டு வாங்கி, அருகிலுள்ள சமையல்காரப் பெண்களிடம் கொடுத்தால், அங்கேயே மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலும் செய்து சோறும் வடித்துத் தருவார்கள். கூலியையும், எண்ணெய், மசாலா யாருடையது என்பதையும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கண் தெளிந்து, செவுள் சிவந்து இருக்கும் மீனை மட்டும் வாங்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமையல் முடிய ஒன்றரை மணி நேரமாகும். பரிசலுக்குப் போகும் முன் கொடுத்துவிட்டுச் சென்றால் காத்திருக்க வேண்டாம்.

உணவை முடித்து ஒரு மணிக்கெல்லாம் அஞ்செட்டிப் பாதையில் ஏறிவிட வேண்டும். நாட்றாம்பாளையம், அஞ்செட்டி வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு ஏறும் இந்தச் சாலை மேலகிரி மலைகளின் ஊடே செல்கிறது. பகல் வெயிலில் பூ நிறம் வெளிறித் தெரியும் என்றாலும், மூன்று மணிக்கு மேல் சாய்ந்த வெளிச்சத்தில், சூரியனுக்கு எதிர்முகமாக நின்று பார்த்தால் புரசம்பூ உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். சாலையோரச் சிற்றூர்களில் நுங்கு வெட்டுவோரைப் பார்த்தால் நிறுத்தலாம். கொடுக்காப்புளியும் இப்பருவத்துக் காய்தான், சுருண்ட காய்க்குள் இளஞ்சிவப்பேறிய பருப்பாகப் பார்த்து வாங்குங்கள், வெளுத்தது துவர்க்கும்.

யானைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இது யானைக்காடு. மாலை ஐந்தரைக்குள் தேன்கனிக்கோட்டையை அடைந்துவிடும்படி திட்டமிடுங்கள். இருட்டியபின் இந்தப் பாதையில் ஓட்டாதீர்கள். சாலையில் யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்தி, விளக்கை அடித்துக் காட்டாமல், ஒலிப்பானைத் தொடாமல், பின்னால் எடுக்க வழி வைத்துக்கொண்டு காத்திருங்கள். படம் எடுக்க இறங்குகிறவர் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவரை நடு இருக்கையில் உட்கார வைத்துவிடுங்கள். இரவுத் தங்கலை ஓசூரில் வைத்துக்கொள்வது வசதி.

மூன்றாம் நாள்: தளி, ஓசூர், இராயக்கோட்டை, காவேரிப்பட்டணம்

ஓசூரிலிருந்து தளி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேட்டுநிலம் என்பதால் காலையில் குளிர் இருக்கும். ஆங்கிலேயர் இதைச் சிறிய இங்கிலாந்து என்று அழைத்ததாகச் சொல்வார்கள். இங்கே காட்டுப்பூவைவிடப் பயிர்ப்பூவே அதிகம்: பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பராவும். பிப்ரவரியில் காதலர் தின ஏற்றுமதிக்காக ஓய்வின்றி வெட்டிய தோட்டங்கள் பங்குனியில் சற்று மூச்சுவிடும். நோய் பரவும் என்பதால் குடில்களுக்குள் அயலாரை எளிதில் விடமாட்டார்கள். காட்டுப்பூவுக்காக மட்டும் வந்தவர் தளியைத் தவிர்த்தாலும் இழப்பில்லை.

ஓசூர்ப் பக்கத்தைத் தவிர்க்கக் கூடாததற்குக் காரணம் வேறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஊர்களில் யுகாதி பெரிய பண்டிகை. அன்றைய பச்சடியில் சேரும் பொருள்களைப் பாருங்கள்: புதிதாகப் பூத்த வேப்பம்பூ, அந்த ஆண்டின் புதுப்புளி, பிஞ்சு மாங்காய், வெல்லம், மிளகாய், உப்பு. இரண்டு நாளாகச் சாலையோரத்தில் மரமாகப் பார்த்தவற்றில் பாதி அந்தக் கிண்ணத்தில் கிடக்கும். பண்டிகையை ஒட்டி வருபவர்களுக்குப் பருப்புப் பூரணம் வைத்த ஒப்பட்டும் கிடைக்கும். நெய் விட்டுச் சூடாக உண்ண வேண்டும், ஆறியதை வாங்கிப் பையில் வைப்பது வீண்.

ஓசூரிலிருந்து நெடுஞ்சாலை 44 வழியாகச் சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் லாரிகளுக்கு இடையே எந்தப் பூவும் தெரியாது. இராயக்கோட்டை வழியே வாருங்கள். தக்காளி விளையும் ஊர்களும், கோட்டை ஏறிய பாறைக்குன்றும் உள்ள பாதை அது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைக்குப் படியேறினால், பாறைச்சரிவில் கோங்கைத் தேட இன்னொரு வாய்ப்பு. வெயில் ஏறும் முன் ஏறி இறங்க வேண்டும். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலையில் மாந்தோப்புகள் தொடங்கும்.

மாம்பூவின் காலம் தை, மாசியோடு முடிந்திருக்கும். பங்குனியில் பார்ப்பது காய். இங்கே விளையும் பெங்களூரா பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றுக்கு அதைப் போலப் பொருத்தமானது வேறில்லை. பழத்துக்கு ஆசைப்பட்டு இப்போதே மஞ்சளாகத் தெரிவதை வாங்க வேண்டாம். செந்தூராவும் அல்போன்சாவும் மரத்தில் முற்றிப் பழுக்கச் சித்திரை இறுதியாவது ஆக வேண்டும். அதற்கு முன் கடையில் ஒரே சீராக மஞ்சளேறி, மணமில்லாமல், உள்ளே புளிப்பாக இருப்பவை கார்பைடு வைத்தவையாக இருக்கலாம்.

ஞாயிறன்று இந்தப் பக்கம் வர நேர்ந்தால் போச்சம்பள்ளி வாரச்சந்தைக்கு ஒரு நடை போய்வரலாம். ஆடு, கோழி, தானியம், புளி, மூங்கில் கூடை என்று எல்லாம் ஒரே திடலில் கிடைக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குத் திரும்பும் வழியில் தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டிய அணை. கரையோரக் கடைகளில் பொரித்த மீன் உண்டு. ஒகேனக்கலில் உண்டவர் இதைத் தாண்டிச் செல்லலாம். அடுத்து வரும் காவேரிப்பட்டணத்தில் நிறுத்தி நிப்பட்டு வாங்குங்கள். அரிசி மாவில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டிப் பொரிப்பது. தட்டையைவிடச் சற்றுத் தடிமன், உடைத்தால் சத்தம் வர வேண்டும். அன்றைக்குப் பொரித்ததா என்று கேட்டு, ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும்.

கொண்டுவந்தவற்றை வைத்துக்கொள்ளும் முறை

புதுப்புளி வெளிர்பழுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அப்படியே கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொட்டையும் நாரும் எஞ்சியிருந்தால் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கல்லுப்பு கலந்து உருட்டி மண்பானையிலோ கண்ணாடிச் சாடியிலோ அடைக்க வேண்டும். ஆறு மாதத்தில் கறுக்கத் தொடங்கும். குழம்புக்குப் புதியது நல்லது, வத்தக்குழம்புக்குப் பழையது.

வேப்பம்பூவைக் கடையில் வாங்குவதைவிட, தங்கும் இடத்தில் அனுமதி கேட்டு மரத்தடியில் துணி விரித்து வைத்தால் இரவில் உதிர்வது காலையில் அள்ளக் கிடைக்கும். காம்பும் சருகும் நீக்கி, நிழலில் மூன்று நான்கு நாள் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். ரசத்துக்கு நெய்யில் சிவக்க வறுத்து, அடுப்பை அணைத்தபின் மேலே தூவினால் போதும். கொதிக்கவிட்டால் ரசம் முழுவதும் கசந்துவிடும். சாமை அரிசியில் வண்டு விழாமலிருக்க அதே வேப்பம்பூவில் ஒரு பிடியை மெல்லிய துணியில் முடிந்து டப்பாவில் போட்டு வைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் அடுத்த பங்குனி வரை வைத்துக்கொள்கிறோம்.